ஜெபம் பண்ணிக் கொடுத்த ஐந்து லட்சம்

தெருமுனையில் கருத்தக்கண்ணனின் பைக் சத்தம் கேட்டதும் சத்தியசீலன் மாடிக்கு ஓடினார். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்குகிற அளவுக்கு இடம் உண்டு. அதற்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கடன் வாங்கியவன் கொடுத்தவரைக் கண்டு ஒளிவதுதான் ஊர் வழக்கம். பரவை என்ற அந்த ஊரில் இந்த ஒரு வீட்டில் மட்டும் நாலு மாதமாக அது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. கொடுத்தவர் தொட்டிக்குப் பின்னால். வாங்கியவன் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு.

"யக்கா, சார் இருக்காகளா?"

"இப்பத்தான தம்பி இங்கன உக்காந்து பேப்பர் படிச்சாக" என்றாள் ஆனிமேரி. "என்னங்க! வாக்கிங் தம்பி வந்துருக்காக!"

வாக்கிங் தம்பி. ஆனிமேரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தன் மகள் டயானாவின் கல்யாணத்துக்கு வைத்திருந்த ஐந்து லட்சத்தை வாங்கிக்கொண்டு போன தம்பி என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பணம் போஸ்ட் ஆபீசில் பத்திரமாக இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்கவைத்தவர் மேலே, காக்காய் எச்சத்துக்கு நடுவில், மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

சத்தியசீலன் மிஷன் பள்ளி ஒன்றில் உதவித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் பையன்கள் தூணுக்குப் பின்னால் ஒளிவார்கள். ஒளிந்திருக்கிறவனுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது இந்த வயதில்தான் அவருக்குத் தெரிய வந்திருந்தது. வாசல் கிரானைட்டில் அவர் பெயரும், பெயரைவிட நீளமான பட்டங்களும் பொறித்திருந்தன. திருச்சபையின் பொருளாளர், பரவை நடைப்பயிற்சி நண்பர்கள் குழுவின் கௌரவத் தலைவர் என்பவை பிற்பாடு பெயின்ட்டில் சேர்க்கப்பட்டவை.

அந்த நடைப்பயிற்சிதான் வினை.

கண்மாய்க் கரையில் தினமும் காலையில் நடக்கிற கூட்டத்தில் கருத்தக்கண்ணனும் ஒருவன். மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் கடை. மற்றவர்கள் சத்தியசீலனோடு பக்கத்தில் நடப்பார்கள், சிலர் முந்தியும் போவார்கள். கருத்தக்கண்ணன் மட்டும் எப்போதும் அரையடி பின்னால்தான் வருவான். அவர் நின்றால் நிற்பான். அவர் செய்தித்தாளில் படித்ததைத் திருப்பிச் சொன்னால், "சார் சொன்னாத்தேன் வெளங்குது. அந்த டிவிக்காரெங்கே பேசுறது ஒரு எழவும் புரியமாட்டேங்குது" என்பான். அந்த அரையடிக்காகவே சத்தியசீலன் மழை நாளிலும் குடையோடு நடக்கப் போனார்.

மாசி மாதத்தில் ஒருநாள், அந்த அரையடி பின்னாலிருந்தே அவன் கேட்டான்.

"வாடிப்பட்டிப் பக்கம் தோட்டக்காரவுகளுக்கு அட்வான்ஸ் குடுக்கணும் சார். அஞ்சு லட்சம். மூணு வட்டிக்குத் தாரேன்னு ஒரு ஆளு நிக்கிறான். அவென் வாசல்ல போயி நிக்கிறதுக்கு, சார் மாதிரி ஒரு பெரிய மனுசன் வாசல்ல நின்னா எனக்கும் ஒரு மரியாதையில்ல?"

"நான் வட்டிக்கு விடுறவன் இல்லை தம்பி."

"சேச்சே! சாரப் போயி அப்பிடிச் சொல்லுவனா? மாசாமாசம் நானா எதோ செய்யிறேன். அதுக்குப் பேரு எதுக்கு சார்?"

சத்தியசீலன் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்தபடி, அதில் தனக்கு எந்த அக்கறையும் இல்லாதவர்போல, "எவ்வளவு செய்வ?" என்று கேட்டார்.

கருத்தக்கண்ணன் வாயால் சொல்லவில்லை. மூன்று விரலைக் காட்டினான்.

சத்தியசீலனின் அப்பா வயல் கூலி. வட்டிக்காரர் வீட்டு வாசலில் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைச் சிறுவனாக இருந்த சத்தியசீலன் பார்த்திருக்கிறார். வட்டிக்காரர் என்ற சொல் காதில் விழுந்தாலே இப்போதும் அவர் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் அந்த வாசலின் உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்ற ஆசையும் அவருக்குள் இருந்தது.

"பத்திரம் எழுதிருவமா சார்? புரோநோட்டு வாங்கியாரேன்" என்று கேட்டவன் கருத்தக்கண்ணன்தான். அதை வேண்டாம் என்றவர் சத்தியசீலன். பத்திரம் என்றால் அதில் வட்டி என்ற சொல் வரும். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். அந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருவார்கள்.

"பத்திரம் எதுக்குத் தம்பி? நமக்குக் கர்த்தர் சாட்சி."

ஆனிமேரி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம். போஸ்ட் ஆபீசிலிருந்து எடுத்துவந்த ஐந்து லட்சத்தையும் பழைய காலண்டர் தாளில் கட்டுக்கட்டாக அடுக்கி மேசைமேல் வைத்தார். கருத்தக்கண்ணனை மண்டியிடச் சொல்லி, அவன் தலையில் கையை வைத்து ஜெபம் பண்ணினார். ஆபிரகாமில் தொடங்கி தக்காளிச் செடியின் வேர்வரைக்கும் ஆசீர்வதித்தார். அவர் கண்ணைத் திறந்தபோது கருத்தக்கண்ணன் முகமெல்லாம் பக்தியாக இருந்தான். அவனுடைய ஒரு கண் அதற்கு முன்பே திறந்து, கட்டுகளைச் சரிபார்த்து மூடியிருந்தது.

நாலு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. மாதம் பதினைந்தாயிரம், போனில். அதில் மூவாயிரத்தை, "போஸ்ட் ஆபீஸ் வட்டி" என்று ஆனிமேரியிடம் கொடுத்தார். மிச்சத்தில் கோவிலுக்கு மின்விசிறிகள் வாங்கி மாட்டினார். ஒவ்வொரு இறக்கையிலும் அன்பளிப்பு என்று எழுதி அவர் பெயரும் பட்டங்களும். விசிறி சுழன்றால் பெயரைப் படிக்க முடியவில்லை என்பதால், ஆராதனை நேரத்தில் மெதுவாகச் சுற்றவிடும்படி கேட்டுக்கொண்டார். சித்திரை வெயிலில் சபையார் அவருடைய பெயரைப் படித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் மாதம் பணம் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தார். பிறகு கண்மாய்க் கரையில், குரலைத் தாழ்த்தி, "தம்பி, இந்த மாசம்..." என்று இழுத்தார்.

"அத விடுங்க சார். சேதி தெரியுமா?" என்றான் கருத்தக்கண்ணன். அன்று அவன் அரையடி பின்னால் இல்லை. பக்கத்தில் நடந்தான். "ஒரு ரிட்டயர்டு தாசில்தார உள்ள தூக்கி வச்சுட்டாக. கந்துவட்டி கேசு. பாவம், மூணு வட்டிதேன் வாங்கிருக்காரு."

"மூணா?"

"சட்டத்துல மூணெல்லாம் கந்துவட்டிதேனாம் சார். பென்சன நிப்பாட்டிட்டாகளாம். பொண்ணுக்குப் பேசி வச்ச சம்பந்தமும் போச்சாம்."

"யாரு... யாரு கம்ப்ளெய்ன்ட் குடுத்தது?"

"வாங்குனவெந்தேன். நன்றிகெட்ட பய." கருத்தக்கண்ணன் சத்தியசீலனின் தோளில் ஒட்டியிருந்த ஒரு வேப்பிலையை மரியாதையாக எடுத்துக் கீழே போட்டான். "ஒங்களுக்கு அப்பிடியெல்லாம் ஒண்ணும் வராது சார். அதான் நான் இருக்கேன்ல?"

அந்த மூன்று சொல்லைக் கேட்டதும் சத்தியசீலன் நடையை நிறுத்திக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவன் அதோடும் விடவில்லை. போனை எடுத்துக் காட்டினான். "கணக்கு எப்பயும் சுத்தமா இருக்கணும்னு நான் எழுதித்தேன் சார் அனுப்பிருக்கேன். பாருங்க." நாலு மாதப் பணமும் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும், சத்தியசீலன் சார் மார்ச் வட்டி, சத்தியசீலன் சார் ஏப்ரல் வட்டி என்று பிழையில்லாத தமிழில் எழுதியிருந்தது. சத்தியசீலன் தன் போனில் தொகையைத்தான் பார்த்திருந்தார். அதற்குக் கீழே இருந்த எழுத்துகளை ஒருநாளும் பார்த்ததில்லை.

கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. வாங்கிய வட்டிக்கு மட்டும் மாதம் தவறாமல் அத்தாட்சி. முப்பத்துநாலு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு இந்தக் கணக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தன் போனிலிருந்த அந்தச் செயலியை அன்று சாயங்காலமே அழித்தார். அழித்த பிறகுதான், கருத்தக்கண்ணனின் போனில் அது அழியாது என்பது நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து காக்கி நிறம் அவருக்கு ஆகவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைப் பார்த்துக் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டார். ஆட்டோக்காரர் வழி கேட்க வீட்டு முன்னால் நிறுத்தியதற்கு அரை மணி நேரம் நடுங்கினார். சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றபோது போக்குவரத்துக் காவலர் இவர் பக்கமாக விசில் ஊதினார். ஊதியது ஒரு ஷேர் ஆட்டோவுக்கு. இவர் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு ஆற்றுப் பாலம்வரை நடந்தார். யாரிடமாவது சட்டம் கேட்கலாம் என்றால், எதற்குக் கேட்கிறீர்கள் சார் என்பார்களே! அந்தத் தாசில்தார் உண்மையிலேயே இருக்கிறாரா என்று விசாரிக்கவும் பயம்.

நடைப்பயிற்சியை நிறுத்தினார். கருத்தக்கண்ணன் வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

"சாரக் காணமேன்னு மனசு கேக்கல. ஒடம்புக்கு என்ன சார்?" என்பான். பிறகு மெதுவாக, "ஒரு இருபது இருந்தாக் குடுங்க சார். மொத்தமாச் சேத்துத் தந்துருவேன்" என்பான். சத்தியசீலன் கொடுத்தார். அடுத்த மாதம் பத்தாயிரம் கொடுத்தார். கடன் கொடுத்தவர் வாங்கியவனுக்கு மாதாமாதம் கட்டுகிற இதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் சொன்னதுபோல, பேரு எதுக்கு?

இப்போது தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சத்தியசீலனுக்குக் கீழே நடக்கிற பேச்சு துல்லியமாகக் கேட்டது.

"சார் கடைக்குப் போயிருப்பாக போல தம்பி. காப்பி குடிக்கிறீகளா?"

"வேணாம் யக்கா. பாப்பா கல்யாணமெல்லாம் எப்ப?"

"தை கடைசில. நகை எடுக்கணும். திங்கக்கெழம போஸ்ட் ஆபீசுக்குப் போயி அந்த அஞ்சு லட்சத்த எடுத்துரலாம்னு இவுககிட்டச் சொல்லிருக்கேன்."

சத்தியசீலன் தொட்டியோடு ஒட்டிக்கொண்டார். சொல்லிவிடுவான். இதோ சொல்லிவிடுவான்.

"போஸ்ட் ஆபீசுல போட்டு வச்சுருக்காகளா! அதாங்க்கா நல்லது. வெளிய குடுத்தா இந்தக் காலத்துல திரும்புமா?" என்றான் கருத்தக்கண்ணன்.

"நல்லாச் சொன்னீக. இந்த ஞாயித்துக்கெழம எங்க கோயில்ல அறுப்பின் பண்டிகை தம்பி. ஏலம் எல்லாம் நடக்கும். குடும்பத்தோட வாங்க. இவுகளுக்கும் சந்தோசமா இருக்கும்."

"வராம இருப்பனா? சாரு கோயிலு. ஒரு நல்ல பூசணிக்காயாக் கொண்டாரேன்."

பைக் கிளம்பிப் போன பிறகும் சத்தியசீலனால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டதாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அறுப்பின் பண்டிகையில் சபையார் தங்கள் முதல் பலனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் அவற்றை ஏலம் விடுவார்கள். பத்து ரூபாய் எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போகும். நாட்டுக்கோழி மூவாயிரத்தைத் தாண்டும். எடுக்கிறவரின் அந்தஸ்துக்குத்தான் விலை, சரக்குக்கு அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். குவியலில் பெரிய காயை ஆண்டுதோறும் சத்தியசீலன்தான் ஐயாயிரத்துக்கு எடுப்பார். மேலே யாரும் கேட்கமாட்டார்கள். அது எழுதப்படாத ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கருத்தக்கண்ணன் வெள்ளைச் சட்டை வேட்டியில், லோடு ஆட்டோவில், குழந்தைத் தொட்டில் அளவுக்கு ஒரு பூசணிக்காயோடு வந்து இறங்கினான். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஆயர் மகிழ்ந்துபோய் அவனை முன்வரிசையில், சத்தியசீலனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"சார் ரெம்ப எளச்சுட்டீகளே" என்று அவன் அக்கறையாக விசாரித்தான்.

சபைச் செயலர் ஜெய்சன்தான் ஏலம் விடுகிறவர். மைக்கைத் தட்டிப் பார்த்தார். "அடுத்து நம்ம பூசணி! இம்புட்டுப் பெரிய காய நான் என் வாழ்க்கைல பாத்ததில்ல. கேளுங்க சபையாரே!"

"ஐயாயிரம்" என்றார் சத்தியசீலன், வழக்கப்படி.

"ஒரு தரம்..."

"ஆறு" என்றான் கருத்தக்கண்ணன்.

பந்தல் திரும்பிப் பார்த்தது. சத்தியசீலனுக்குப் பயம் ஒரு பக்கம். சொந்தக் கோவிலில், சொந்தப் பணத்தை வைத்திருக்கிறவனிடமே தோற்பதா என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். எரிச்சல் முந்திக்கொண்டது.

"ஏழு."

"பத்து."

"பத்தேகால்" என்றார் சத்தியசீலன்.

கருத்தக்கண்ணன் அவர் பக்கம் சாய்ந்து புன்னகைத்தான். "பதினஞ்சாயிரம். மாசாமாசம் பழகுன தொகதேன்."

ஜெய்சன் மூன்று தரம் சொல்லிக் கட்டையால் தட்டினார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. வேற்று மதத்துக்காரர் ஒருவர் இவ்வளவு கொடுத்ததைக் கண்டு ஆயர் நெகிழ்ந்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினார்.

சத்தியசீலன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எழுந்து ஓடலாமா? ஓடினால் ஏன் ஓடினார் என்பார்கள். மயங்கி விழலாமா? விழுந்தால், எழுப்பிக் கேட்பார்கள்.

"நான் வேற சாமி கும்பிடுறவெந்தேன்" என்று கருத்தக்கண்ணன் ஆரம்பித்தான். "ஆனா ஒரு உண்மைய இங்க வச்சுச் சொல்லியாகணும். இந்த வருசம் ஆரம்பத்துல தொழிலு படுத்துப்போயி, குடும்பத்தோட என்ன செய்யிறதுன்னு தெரியாம நின்னேன். அப்ப ஒரு மனுசன் என்னயக் கூப்புட்டு, பத்திரம் இல்ல, சாட்சி இல்ல, தலையில கைய வச்சு ஜெபம் பண்ணி, அஞ்சு லட்சம் ரூவாயத் தூக்கிக் குடுத்தாரு. அந்த மனுசன் இந்தா, இங்கதேன் உக்காந்துருக்காரு. நம்ம சத்தியசீலன் சாரு!"

சத்தியசீலன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அடுத்த சொல் வட்டி. அடுத்த சொல் வட்டி.

"கடனாக் குடுத்தாருன்னு நெனைக்கிறீகளா? சும்மா குடுத்தாரு சாமி, சும்மா! திருப்பித் தருவேன்னு சொன்னா, 'இது ஒனக்குக் கர்த்தர் குடுத்தது தம்பி'ன்னுட்டாரு. நான் என்னால முடிஞ்சத அனுப்புனாக்கூட அத அவரு வச்சுக்கல. இந்தா, இந்தக் கோயிலுக்குத்தேன் செலவழிச்சிருக்காரு."

"அல்லேலூயா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. பந்தல் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

கருத்தக்கண்ணன் மைக்கை அவரிடம் கொண்டுவந்து, குனிந்து, மிகவும் பணிவாகக் கேட்டான்: "நான் சொல்றது சரிதான சார்?"

கடன் என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை பேருக்கு முன்னால் அடுத்த கேள்வி, எத்தனை வட்டி? அதற்கு அவனிடம் போன் இருக்கிறது. சும்மா கொடுத்தது என்று சொல்லலாம். சொன்னால் ஐந்து லட்சத்துக்கு முந்நூறு பேர் சாட்சி. ஒருநாளும் கேட்க முடியாது. பத்திரம் இல்லாமல் கொடுத்த பணத்துக்கு, அது போய்விட்டது என்பதற்கு மட்டும் ஒரு சபையே கையெழுத்துப் போட்டுவிடும்.

ஆயர் அவரை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியசீலன் மைக்கில் வாயை வைத்தார்.

"கர்த்தருக்கே மகிமை" என்றார்.

கைதட்டல் ஓயவே இல்லை. ஜெய்சன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணே, இத ஒரு வார்த்த வெளிய சொல்லாம வச்சிருந்தீகளேண்ணே!" பிறகு கருத்தக்கண்ணனிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். "பூசணிக்கு ரூவாய..."

"அத சார் பாத்துக்குவாக" என்றான் கருத்தக்கண்ணன். சத்தியசீலனின் காதருகே வந்து, "தப்பா எடுத்துக்கிறாதீக சார். இனிமே ஒங்களுக்கு எந்தப் பயமும் இல்ல. நிம்மதியா வாக்கிங் வாங்க. வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். காயை நாலு பேர் திரும்பவும் லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஒரு நிமிஷம், சத்தியசீலனுக்கு உடம்பு லேசானது உண்மை. இனிமேல் கேசு இல்லை. பென்ஷனுக்கு ஆபத்தில்லை. வட்டிக்காரர் என்று அவரை யாரும் சொல்லப்போவதில்லை. வள்ளல் என்றுகூடச் சொல்வார்கள். அவர் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, வாழ்த்துகளை ஏற்றுக்கொள்கிற முகத்தோடு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்தில் எல்லாரும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

ஆனிமேரி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாய்களுக்கு நடுவே விட்டிருந்த பாதையில் நடந்து வந்தாள். வழியில் அவளை நிறுத்தி, "குடுத்து வச்சவுக நீங்க" என்று கையைப் பிடித்தவர்களுக்கெல்லாம் தலையசைத்தாள். அவள் வேகமாக வரவில்லை. வேகமாக வந்திருந்தால் அவருக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஜெய்சன் கால் கட்டிய ஒரு சேவலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அடுத்த ஏலத்தை ஆரம்பித்திருந்தார். முன்வரிசையில் யாரோ ஆயிரம் என்றார்கள்.

ஆனிமேரி, கருத்தக்கண்ணன் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை ஏலத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"நாளைக்கு எந்தப் போஸ்ட் ஆபீசுக்குங்க போறோம்?"

"ஒரு தரம்!" என்றார் ஜெய்சன்.

சத்தியசீலன் வாயைத் திறந்தார்.

"ரெண்டு தரம்!"